67 ஆட்டங்களுக்கு ஒரே ஊர்

இண்டியானாபோலிஸ் நகரின் மையத்தில் பெரிய மாநாட்டு மையம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஹோட்டல்களிலிருந்து சாலைக்கு மேலாகக் கண்ணாடி போட்ட நடைபாலங்கள் அதற்குள் வந்து சேர்கின்றன. இங்கே அவற்றை ஸ்கைவாக் என்பார்கள். மாநாட்டு மையத்திலிருந்து லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குத் தரைக்கு அடியில் ஒரு வழியும் உண்டு. ஜனவரிக் குளிரில் சாலையில் கால் வைக்காமல், மேல்கோட்டு இல்லாமல், ஹோட்டல் அறையிலிருந்து ஸ்டேடியம் வரை போய்விடலாம். கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2021 மார்ச்சில், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முழுப் போட்டித்தொடரும் ஒரே ஊரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு எத்தனையோ காரணங்கள் சொன்னார்கள். அந்த ஊர்க்காரனாக நான் முதலில் சொல்வது இந்த நடைபாலங்களைத்தான்.

மார்ச் மேட்னஸ் எனப்படும் அந்தத் தொடர் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுவதிலுமிருந்து 68 கல்லூரி அணிகள். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மூன்று வாரங்களில் 67 ஆட்டங்கள் முடிந்து, கடைசியில் ஒரே ஒரு அணி மிஞ்சும். யார் யாரை வெல்வார்கள் என்று அலுவலகம் அலுவலகமாகத் தாளில் எழுதிப் பந்தயம் கட்டுவார்கள். கூடைப்பந்தே பார்க்காதவர்கள்கூட அந்த மூன்று வாரம் பார்ப்பார்கள். எங்கள் கல்லூரியின் சிமெண்ட் தரையில் முழங்கால் தேய விளையாடியவன் நான். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னை முழுசாகப் பிடித்துக்கொண்டது இந்த மார்ச் மாதம்தான்.

2020-இல் அது நின்றுபோனது. மார்ச் 11 இரவு ஒரு வீரருக்குத் தொற்று உறுதியானதும், தொழில்முறைக் கூடைப்பந்தை நடத்தும் என்.பி.ஏ. தன் பருவத்தை நிறுத்தியது. மறுநாளே, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, ஆண்கள், பெண்கள் இரண்டு தொடர்களையும் ரத்து செய்தது. ஆண்கள் தொடர் 1939-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் நடந்த ஆண்டுகளில்கூட அது நிற்கவில்லை. ஒஹையோ மாநிலத்து டேடன் பல்கலைக்கழகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறாது. அந்த ஆண்டு 29 வெற்றி, இரண்டே தோல்வி, நாட்டில் மூன்றாவது இடம். அதுவரை கிடைக்காத கோப்பைக்கு அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தார்கள். தொடரின் தொடக்க ஆட்டங்கள் நடக்க வேண்டியதும் அதே டேடன் ஊரில்தான். அணிக்கும் வாய்ப்பு போனது, ஊருக்கும் போனது. கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அது திரும்பி வரவே இல்லை.

பணமும் போனது. இதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. என்.சி.ஏ.ஏ.வின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரே தொடரின் தொலைக்காட்சி உரிமையிலிருந்து வருகிறது. 2020-இல் கல்லூரிகளுக்கு 60 கோடி டாலர் பகிர்ந்து தருவதாக இருந்தவர்கள் 22.5 கோடிதான் தர முடிந்தது. ரத்துக்காக எடுத்திருந்த 27 கோடி டாலர் காப்பீடு கொஞ்சம் தாங்கிப் பிடித்தது. இன்னொரு ஆண்டும் தொடர் இல்லையென்றால் அந்தக் காப்பீடும் துணைக்கு வராது. நீச்சல், மல்யுத்தம், ஓட்டப்பந்தயம் என்று கூடைப்பந்துப் பணத்தில் பிழைக்கும் விளையாட்டுகள் பல கல்லூரிகளில் மூடப்படும் நிலை. 2021-இன் தொலைக்காட்சி உரிமை மட்டும் சுமார் 85 கோடி டாலர். ஆகவே தொடரை எப்படியும் நடத்தியே தீர வேண்டும் என்று மேலே இருந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கே, எப்படி என்பது மட்டும்தான் மீதிக் கேள்வி.

வழக்கமான முறையில் 14 ஊர்கள் தேவை. தொடக்க ஆட்டங்களுக்கு ஒன்று, முதல் இரண்டு சுற்றுகளுக்கு எட்டு, அடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நான்கு, கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோருக்கு ஒன்று. ஓர் அணி கோப்பை வரை போனால் மூன்று வாரங்களில் மூன்று ஊர் மாறும். ஒவ்வொரு முறையும் விமானம், பஸ், புது ஹோட்டல், புதுச் சமையலறை, புது ஊழியர்கள். ஒவ்வொரு ஊரிலும் வேறு சுகாதாரத் துறை, வேறு விதிகள். ஓர் ஊரில் ரசிகர்கள் வரலாம், அடுத்த ஊரில் பத்துப் பேர் கூடக்கூடாது. தொற்றுக் காலத்தில் 14 ஊர் என்பது 14 தனித்தனிப் போராட்டம். 2020 நவம்பர் 16 அன்று என்.சி.ஏ.ஏ. அறிவித்தது: ஃபைனல் ஃபோர் ஊரைத் தவிர ஏற்கெனவே ஒதுக்கிய மற்ற 13 ஊர்களையும் விட்டுவிடுகிறோம், முழுத் தொடரையும் ஒரே பகுதியில் நடத்தப் பார்க்கிறோம், இண்டியானாபோலிஸோடு பேசிக்கொண்டிருக்கிறோம். டேடன் ஊர் இரண்டாவது ஆண்டாகத் தொடக்க ஆட்டங்களை இழந்தது.

என்.பி.ஏ. செய்ததை அப்படியே செய்திருக்கலாமே என்று அப்போது நண்பர்கள் பலர் கேட்டார்கள். 2020 கோடையில் என்.பி.ஏ. ஓர்லாண்டோவில் டிஸ்னி வளாகத்துக்குள் 22 அணிகளை அடைத்து வைத்துப் பருவத்தை முடித்தது. உள்ளே இருந்தவர்கள் வெளியே போக முடியாது, வெளியே இருப்பவர்கள் உள்ளே வர முடியாது. பார்வையாளர்கள் இல்லை. நன்றாகவே நடந்தது. ஆனால் அந்த வீரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. எதற்கு ஒப்புக்கொள்கிறோம், எவ்வளவு சம்பளம் என்று உட்கார்ந்து பேசி, கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். கல்லூரி வீரர்களுக்கு அப்போது சம்பளமும் இல்லை, சங்கமும் இல்லை. அதுவும் 22 அணியில்லை, 68 அணி. அந்த ஆண்டு கல்லூரிப் பருவத்தின் தொடக்கத்தில் அதே டிஸ்னி வளாகத்தில் சில போட்டிகளை நடத்த ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி முயன்றது. எப்படிச் சோதனை செய்வது, எத்தனை நாள் தனிமை என்பதில் கல்லூரிகளோடு ஒத்துப்போகாமல் அக்டோபரிலேயே கைவிட்டது. இடம் தயாராக இருந்தது, விதியில்தான் உடன்பாடு வரவில்லை. அதனால்தானோ என்னவோ, என்.சி.ஏ.ஏ. இப்படி அடைத்து வைப்பதைக் குறிக்கும் ‘பபுள்’ என்ற வார்த்தையையே பெரும்பாலும் தவிர்த்தது. ‘கட்டுப்படுத்தப்பட்ட சூழல்’ என்றே சொல்லிவந்தார்கள்.

சரி, ஏன் இண்டியானாபோலிஸ்? 2021-இன் ஃபைனல் ஃபோர் ஏற்கெனவே இந்த ஊருக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. என்.சி.ஏ.ஏ.வின் தலைமையகம் 1999 முதல் இங்கேதான், மாநாட்டு மையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நடத்துகிறவர்கள் தினமும் தங்கள் சொந்த வீட்டிலிருந்து வரலாம். இதெல்லாம் எல்லோரும் சொன்ன காரணங்கள், உண்மையும்கூட. ஆனால் இந்த ஊர் இப்படி அமைந்த கதை அதற்கும் முந்தையது. 1970-களில் இண்டியானாபோலிஸ் என்றால் ஆண்டுக்கொரு முறை கார்ப் பந்தயம், மற்ற நாளெல்லாம் மாலை ஆறு மணிக்கு ஊர் அடங்கிவிடும் என்றுதான் பெயர். விளையாட்டை வைத்து ஊரைத் தூக்கி நிறுத்தலாம் என்று சிலர் யோசித்தார்கள். 1979-இல் அதற்கென்றே இண்டியானா ஸ்போர்ட்ஸ் கார்ப் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1982-இல் தேசிய விளையாட்டு விழா, 1987-இல் பான் அமெரிக்கன் போட்டிகள். அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். அணி எதுவும் கையில் இல்லாமலேயே கூரை போட்ட ஸ்டேடியம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார்கள். 1984-இல் பால்டிமோரிலிருந்து கோல்ட்ஸ் அணி ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. அந்தக் கட்டடம் இடிக்கப்பட்ட இடத்தில்தான் மாநாட்டு மையம் 2011-இல் விரிவாக்கப்பட்டது. பக்கத்திலேயே ஜே.டபிள்யூ. மேரியட்டின் நீல உயர்மாடி எழுந்தது, அதிலிருந்தும் ஒரு நடைபாலம். 2012-இல் என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் இங்கே நடந்தபோது வந்தவர்கள் எல்லோரும் மெச்சியது ஒன்றைத்தான்: எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கிறதே!

தொற்றுக்காக யாரும் அந்தப் பாலங்களைக் கட்டவில்லை. மாநாட்டுக்கு வரும் வியாபாரிகள் பனியில் நனையக்கூடாது என்று கட்டியது. ஆனால் 2021-இல் அணிகளைத் தெருவில் விடாமல் ஹோட்டலிலிருந்து பயிற்சிக்கும், பயிற்சியிலிருந்து ஹோட்டலுக்கும் கொண்டுபோக வேண்டியிருந்தபோது, அது அப்படியே பயன்பட்டது. மாநாட்டு மையத்தின் பெரிய கூடங்களில் பயிற்சித் தளங்களை வரிசையாகப் போட்டார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஹோட்டலில் தனி மாடி. வெளிக்காற்று வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள விக்டரி ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்துக்குள் முறைவைத்து அழைத்துப்போனார்கள். பச்சைப் புல்லைப் பார்த்ததும் பசங்க சின்னப்பிள்ளைகள் மாதிரி ஓடும் காணொளிகளைப் பார்த்தேன்.

தினமும் தொற்றுச் சோதனை. ஊருக்கு வருமுன் தொடர்ந்து ஏழு நாள் ‘இல்லை’ என்று வந்திருக்க வேண்டும். வந்தபின் இரண்டு முறை ‘இல்லை’ என்று வரும்வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது. ஓர் அணிக்கு வீரர்கள், பயிற்சியாளர்கள், மருத்துவர் எல்லோரும் சேர்த்து 34 பேர்தான். யார் யாருக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பதிவு செய்ய உடம்பில் ஒரு சின்னக் கருவி. தொற்று வந்தவரோடு நெருங்கியிருந்தவர் யார் என்று ஞாபகத்தைக் கேட்க வேண்டாம், கருவியைக் கேட்டால் போதும்.

இந்தத் தொடரின் கணக்கும் ஒரே ஊர் யோசனைக்குத் தோதாக இருந்தது. அறையும் உணவும் சோதனையும் 68 அணிகளுக்குத் தேவைப்படுவது முதல் சில நாள் மட்டும்தான். முதல் வார இறுதி முடியும்போது 16 அணிகள்தான் மிச்சம், இரண்டாவது வார இறுதி முடியும்போது நான்கு. என்.பி.ஏ. மாதக்கணக்கில் சுமக்க வேண்டியிருந்த பாரம் இங்கே ஒரு வாரத்துக்குள் கால்வாசியாகிவிடும். முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் போதும் என்பது நடத்தியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஊரிலிருந்த எங்களுக்கு அது தெரிய நாளானது.

2021 ஜனவரி 4 அன்று முடிவு அதிகாரபூர்வமானது. 67 ஆட்டங்களும் இண்டியானா மாநிலத்தில், பெரும்பாலானவை இண்டியானாபோலிஸில். லூகாஸ் ஆயில், பேங்கர்ஸ் லைஃப், பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ், மாநிலக் கண்காட்சித் திடலிலுள்ள கொலிசியம், கூடவே பர்டூ, இண்டியானா பல்கலைக்கழகங்களின் அரங்குகள். 1928-இல் கட்டிய ஹிங்கிள் இந்தப் பட்டியலில் இருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இண்டியானாவில் கூடைப்பந்து என்றால் முதலில் அந்தச் செங்கல் கட்டடத்தைத்தான் காட்டுவார்கள். 1954-இல் மைலன் என்ற குக்கிராமத்துப் பள்ளி மாநிலக் கோப்பையை வென்றது அந்தத் தளத்தில்தான்.

ஆனால் ஊரில் எல்லோருக்கும் அந்தச் சந்தோஷம் இல்லை. எங்கள் பகுதியில் எனக்கு முன்பிருந்தே வசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். டிசம்பர் முழுக்க அந்த அக்கா வேலைக்குப் போய்விட்டு வந்து, கராஜிலேயே உடை மாற்றிக்கொண்டு, பிள்ளைகளைத் தொடாமல் மாடி ஏறிப் போவாராம். அறிவிப்பு வந்த வாரம் அண்ணனிடம் போனில் பேசும்போது நான் ஆசை ஆசையாகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“தம்பி, நாடு பூரா இருக்கிற ஆட்களை எதுக்கு நம்ம ஊருக்கே கூட்டிட்டு வரணும்? அந்தப் பசங்களுக்குத் தினமும் டெஸ்ட் எடுப்பாங்க. பார்க்க வர்றவனுக்கு யாரு எடுப்பா? அவன் சாப்பிட்ட தட்டை எடுக்கிறவனுக்கு யாரு எடுப்பா?”

என்னிடம் பதில் இல்லை. இப்போது யோசித்தாலும் அந்த வருடம் நான் கேட்டதிலேயே சரியான கேள்வி அதுதான். ஒரே ஊர் என்று முடிவு செய்யும்போது அணிகளுக்கான ஆபத்து குறைகிறது. அந்த ஆபத்தில் ஒரு பங்கு அந்த ஊரின் மேல் வந்து இறங்குகிறது. 14 ஊர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்திருக்க வேண்டியதை ஒரு ஊரின் ஹோட்டல் ஊழியர்களும் சமையல்காரர்களும் பஸ் ஓட்டுநர்களும் சுமக்கிறார்கள். முதலில் ரசிகர்கள் வருவார்களா என்பதே தெரியாமல் இருந்தது. பிப்ரவரியில், அரங்கக் கொள்ளளவில் 25 சதவீதம் வரை அனுமதி என்று அறிவித்தார்கள். அண்ணன் கேட்ட கேள்வி அப்போது இன்னும் பெரிதானது. நான் தனியாக இருந்து முடிவெடுத்திருந்தால் அந்த ஆண்டு வீரர்களின் குடும்பத்தாரை மட்டும் உள்ளே விட்டிருப்பேன்.

மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை அணிகள் அறிவிக்கப்பட்டன. ஜே.டபிள்யூ. மேரியட்டின் நீலக் கண்ணாடிச் சுவர் முழுக்கப் போட்டி அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஜெயித்த அணியின் பெயர் அதில் ஏறும். மகளையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் மாஸ்க் போட்டுக்கொண்டு போய் ஆற்றங்கரைப் பக்கம் நின்று அதைப் பார்த்தோம். ஒரு வருடமாக வெறிச்சோடிக் கிடந்த டவுன்டவுனில் மனிதர்கள் நடந்தார்கள். மேலே ஏதோ ஒரு மாடியில் உயரமான பையன் ஒருவன் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் கையாட்டினாள். அவனும் ஆட்டினான்.

முதல் ஓட்டை அணிகளிடம் விழவில்லை, நடுவர்களிடம் விழுந்தது. வந்து சேர்ந்த நடுவர்கள் சிலருக்கு அறை தயாராகவில்லை. பசியோடு இருந்தவர்கள் வெளியே ஓர் உணவகத்துக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. கூட இருந்தவர்களையும் சேர்த்து ஆறு நடுவர்களை ஒரு ஆட்டம்கூட நடத்தாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆண்டு முழுக்க இந்த மூன்று வாரத்துக்காகவே ஓடுகிறவர்கள் அவர்கள். அணிகளுக்கு மாடி மாடியாக யோசித்தவர்கள் நடுவர்களின் ஒரு வேளைச் சாப்பாட்டை யோசிக்கவில்லை. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஓர் ஊருக்குள் எல்லோரையும் கொண்டுவந்தால், யாரையும் ‘மற்றவர்கள்’ என்று பட்டியலின் கடைசியில் போட முடியாது.

அடுத்தது விர்ஜினியா காமன்வெல்த் பல்கலைக்கழகம், எல்லோரும் வி.சி.யூ. என்பார்கள். மார்ச் 20, சனிக்கிழமை இரவு ஒரிகன் அணியோடு அவர்களுக்கு ஆட்டம். விதிப்படி ஐந்து வீரர்கள் நலமாக இருந்தால் ஆடலாம். செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஓர் அணி விலகியிருந்தால் அதன் இடத்தில் காத்திருப்புப் பட்டியலிலிருந்து வேறு அணி வந்திருக்கும். அந்தக் கெடு முடிந்துவிட்டது. அணிக்குள் 48 மணி நேரத்தில் பலருக்குத் தொற்று உறுதியாகிக்கொண்டே வந்தது. இண்டியானாபோலிஸ் அடங்கிய மேரியன் கவுண்ட்டி என்ற மாவட்டத்தின் சுகாதாரத் துறையோடு பேசிவிட்டு, ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது ரத்து செய்தார்கள். ஒரிகன் ஆடாமலேயே அடுத்த சுற்றுக்குப் போனது. பயிற்சியாளர் மைக் ரோட்ஸ் அந்த அறையில் பசங்களிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பார் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். 67 ஆட்டங்களில் நடக்காமல் போனது அந்த ஒன்று மட்டும்தான்.

அந்த ரத்து சரியானது என்றே நினைக்கிறேன். வலித்தது, ஆனாலும் சரி. ஐந்து பேர் இருக்கிறார்களே, ஆடட்டும் என்று தள்ளிவிட்டிருந்தால் ஒரிகன் வழியாக அடுத்த அணிக்கும் அதற்கடுத்த அணிக்கும் போயிருக்கலாம். ஒரே ஊரில், ஒரே சுகாதாரத் துறையின் கையில் இருந்ததால் சில மணி நேரத்தில் முடிவெடுக்க முடிந்தது. அந்த அணி வேறொரு மாநிலத்தில் இருந்திருந்தால் யாரைக் கேட்பது என்பதிலேயே பாதி நாள் போயிருக்கும்.

ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், பார்த்தவர்களுக்கே தெரியும். ஓக்லஹோமாவின் ஓரல் ராபர்ட்ஸ் என்ற சின்னக் கல்லூரி, தன் பிரிவின் 16 அணிகளில் 15-ஆம் தரவரிசையிலிருந்து வந்து ஒஹையோ ஸ்டேட்டைக் கூடுதல் நேரத்தில் 75-72 என்று சாய்த்தது. அது நடந்தது பர்டூவின் மேக்கி அரங்கில். அதே நாள் இரவு பர்டூ அணி லூகாஸ் ஆயிலில் நார்த் டெக்சஸிடம் தோற்றது. சொந்த மாநிலத்தில் தொடர் நடந்தும் சொந்தத் தளத்தில் ஆட அனுமதியில்லை என்பதால் அவர்கள் இங்கே வந்து ஆட வேண்டியிருந்தது. லயோலா சிகாகோ அணியின் ஆன்மிக வழிகாட்டியான கன்னியாஸ்திரி சிஸ்டர் ஜீன் 101 வயதில், தடுப்பூசி போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலியில் வந்து, அவர் அணி இலினாயைத் தோற்கடித்ததைப் பார்த்தார். தன்னைப் போன்ற முதியவர்களை இந்த நோய் வரிசையாகக் கொண்டுபோன வருடத்துக்குப் பிறகு அவர் அங்கே உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அரையிறுதியில் யூ.சி.எல்.ஏ.வுக்கு எதிராகக் கூடுதல் நேரம் முடியும் நொடியில் கொன்ஸாகாவின் ஜேலன் சக்ஸ் பாதித் தளத்துக்குப் பக்கத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்குள் போனது. வீட்டில் நாங்கள் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்துவிட்டாள். ஏப்ரல் 5 அன்று அதே கொன்ஸாகாவை பெய்லர் 86-70 என்று வென்று கோப்பையை எடுத்தது. அதற்கு மறுநாள், ஏப்ரல் 6 அன்று, மாநிலத்தின் கட்டாய மாஸ்க் உத்தரவு விலக்கப்பட்டது. எங்கள் கவுண்ட்டி மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது.

அந்தக் கடைசி வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அலபாமா அணியின் ஆட்டங்களுக்குத் தவறாமல் வரும் மாணவ ரசிகர் ஒருவர், கட்டம் போட்ட கோட்டுக்காகவே எல்லோருக்கும் தெரிந்தவர், இண்டியானாபோலிஸ் வந்து ஆட்டம் பார்த்துவிட்டுப் போன பிறகு ஏப்ரல் 2 அன்று கொரோனா பாதிப்பால் இறந்துபோனார். வயது 23. தொற்று எங்கே வந்தது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் ‘பார்க்க வர்றவனுக்கு யாரு டெஸ்ட் எடுப்பா’ என்று அண்ணன் கேட்டது அன்று என் காதில் மறுபடி ஒலித்தது. வீரர்களில் ஒருவர் விடாமல் தினமும் பார்த்துக்கொண்ட அந்த ஏற்பாட்டுக்குள் அந்தப் பையன் இல்லை.

பெண்கள் தொடரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அதையும் ஒரே பகுதியில்தான் நடத்தினார்கள், டெக்சஸில் சான் ஆன்டோனியோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும். ஆண்களுக்கு இங்கே 68 அணி, அங்கே 64. தொடர் தொடங்கும் முன்பே ஒரிகன் வீராங்கனை செடோனா பிரின்ஸ் ஒரு காணொளி போட்டார். ஆண்களுக்கு இண்டியானாபோலிஸில் பெரிய கூடம் நிறைய எடைப்பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஓர் அடுக்கில் சில டம்பெல்கள், பக்கத்தில் யோகாப் பாய்கள். இடம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். அவர் கேமராவைத் திருப்பிக் காட்டினார். காலியாகக் கிடந்தது அந்தப் பெரிய கூடம்.

எனக்கு அதைவிட வலித்தது சோதனை விஷயம். ஆண்களுக்குத் தினமும் பி.சி.ஆர். சோதனை, பெண்களுக்குத் தினமும் ஆன்டிஜென் சோதனை. விலை குறைவு, நுட்பமும் குறைவு. இதை கனெக்டிகட் பயிற்சியாளர் ஜீனோ ஆரியம்மா பேட்டியில் சொன்னபோதுதான் பலருக்கும் தெரியவந்தது. எடைக் கருவிகளைச் சில நாளில் கொண்டுவந்து நிரப்பிவிடலாம், நிரப்பியும் விட்டார்கள். ஆனால் ஒரு பெருந்தொற்றில் யாருக்கு எந்தச் சோதனை என்பதை யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறார்கள். அந்த மேஜையில் இருந்தவர்களுக்கு அது தவறாகத் தெரியவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இரண்டு தொடரும் ஒரே நேரத்தில், ஒரே ஊரில் நடந்திருந்தால் இந்த வித்தியாசத்தை ஒரு நாள்கூட மறைக்க முடிந்திருக்காது. ஒரே நடைபாலத்தில் எதிரெதிரே நடந்து போயிருப்பார்கள்.

பிறகு என்.சி.ஏ.ஏ. ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரிக்கச் சொன்னது. ஆகஸ்ட் மாதம் வந்த அறிக்கை ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. ஆண்கள், பெண்கள் ஃபைனல் ஃபோர் இரண்டையும் ஒரே ஊரில் நடத்துங்கள் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. 2022-இல் பெண்கள் தொடருக்கும் 68 அணிகள் வந்தன. ‘மார்ச் மேட்னஸ்’ என்ற பெயரைப் பெண்கள் தொடருக்குப் பயன்படுத்தியதும் அந்த ஆண்டுதான். அதுவரை அந்தப் பெயர் ஆண்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தார்கள்.

ஆண் வீரர்களும் சும்மா இருக்கவில்லை. ஹோட்டல் மாடிகளில் அடைந்து கிடந்தபடியே, தொடர் தொடங்குவதற்கு முந்தைய நாள், ரட்கர்ஸ், மிஷிகன், அயோவா வீரர்கள் சேர்ந்து ‘நாங்கள் என்.சி.ஏ.ஏ.வின் சொத்து இல்லை’ என்று இணையத்தில் குரல் எழுப்பினார்கள். தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து வரும் வருமானத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். 85 கோடி டாலர் ஒளிபரப்பைத் தங்கள் மூக்கில் தினமும் குச்சி விட்டுக்கொண்டு காப்பாற்றியவர்கள் அப்படிக் கேட்டதில் என்ன தவறு? அந்த ஜூலை முதல் தேதி அந்த உரிமை அவர்களுக்குக் கிடைத்தது.

இத்தனைக்குப் பிறகும் என்னைக் கேட்டால், தொடரை நடத்துவது என்று ஆன பின் ஒரே ஊர் என்பதும் அந்த ஊர் இதுதான் என்பதும் சரியான முடிவுகள். என் ஊர் அதைச் செய்துகாட்டியது என்பதில் எனக்குப் பெருமை இருக்கிறது. ஹோட்டலில் அறை சுத்தம் செய்தவர்களும் இரவெல்லாம் சோதனைக் குழாய்களை எடுத்துப்போனவர்களும் அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் உரியவர்கள். இன்னொரு முறை இப்படி ஒரு நிலை வந்தால், ஊரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவர்களில் ஒருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும், சோதனைப் பட்டியலில் அவர்கள் பெயர் வீரர்களின் பெயருக்குப் பக்கத்திலேயே வர வேண்டும் என்று கேட்பேன்.

2028-இல் பெண்கள் ஃபைனல் ஃபோர் இண்டியானாபோலிஸுக்கு வருகிறது. மகள் இப்போது பள்ளி அணியில் ஆடுகிறாள். டிக்கெட் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன், அக்காவுக்கு அன்று ஷிஃப்ட் இல்லையென்றால் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.